அடிக்கச் சொன்ன தகப்பன்

புதிதாக ஆசிரியர்களாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான வேலை. வேலையில் இருந்த காலத்திலேயே மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவள் நான், இப்போது மணி அடிக்கவும் ஆளில்லை. ஆனாலும் உங்களைக் கனநேரம் மறிக்க மாட்டேன். பாடக்குறிப்பு எழுதுவது, வரவு எடுப்பது, தவணைப் பரீட்சை வைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஒரு பின்னேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் படிப்பிக்கப் போகிறவர்கள் இடைவிலகிய பிள்ளைகள். சிலர் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வந்தவர்கள். வேறு சிலரைப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. இந்த இரண்டாவது கூட்டம்தான் அதிகம். நாடு முழுக்க ஒன்றாக எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தைய வருடம் பள்ளிக்கூட அதிபர்மாருக்கு ஒரு காய்ச்சல் வரும். எந்தப் பிள்ளை தங்கள் பெறுபேற்றைக் கெடுக்கும் என்று பார்த்து, பெற்றோரைக் கூப்பிட்டு, பதமாகக் கதைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைச் செய்த அதிபர்மாரோடு நான் கோவில் திருவிழாக்களில் சிரித்துக் கதைத்திருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

எங்கள் வகுப்பு நடந்தது ஒரு சுருட்டுக் கொட்டிலில். இணுவிலிலிருந்து சுன்னாகம் போகும் வழியில், பெரிய வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் அது இருந்தது. தொண்ணூறுக்குப் பிறகு போரால் பாதை அடைபட்டுச் சுருட்டு தெற்கே போகாமல் நின்றதும் கொட்டில் சும்மா கிடந்தது. சொந்தக்காரர் பூட்டையும் திறப்பையும் தந்துவிட்டார். புகையிலை மணம் மட்டும் கடைசிவரை போகவில்லை. மழை நாளில் முன்வரிசை வாங்கில் இருப்பவர்கள் மாறிமாறித் தும்முவார்கள். மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. ஆகவே சூரியன் இருக்கும்வரைதான் வகுப்பு. விமானம் வந்தால் ஓடி ஒளிக்க வளவுக்குள் ஒரு பதுங்குகுழி இருந்தது. பிள்ளைகளே வெட்டியது. வெட்டும்போது காட்டிய உற்சாகத்தில் கால்வாசியைக்கூட அவர்கள் அட்சரகணிதத்தில் காட்டியதில்லை.

காலையில் எனக்கு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. பின்னேரம் சைக்கிளை உழக்கிக்கொண்டு இங்கே வருவேன். வகுப்பைத் தொடங்கியவர் ஒரு பொறுப்பாசிரியர். கட்டையான, அதிகம் கதைக்காத மனிதர். எனக்கு அவர் தந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை, இஞ்சை ஒருத்தருக்கும் கை வைக்கக் கூடாது. அதை முதல் நாளே பிள்ளையளுக்குச் சொல்லிப்போடும்."

நான் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. எங்கள் ஊரில் பிரம்பில்லாத வாத்தியாரைக் கண்டவர் யார்? ஒரு கிழமைக்குப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது தொடங்கப் போகிறேன் என்று.

பிறகு அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல வேண்டும். அவள் பெயர் மெற்றில்டா. குருநகர்ப் பிள்ளை. கரையோரத்தில் ஷெல் விழத் தொடங்கியதும் குடும்பத்தோடு உள்ளே வந்து, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அகதியாக இருந்தார்கள். கடலுக்குப் போகவிடாத காலம், தகப்பனுக்குத் தொழில் இல்லை. புதிதாகச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் அவளுடைய கரையோரப் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாய் திறக்காமல் இருந்ததற்கு ஆசிரியர் அடித்தார். அவள் அங்கே போவதை நிறுத்திவிட்டாள். எங்களிடம் வந்த புதிதில், மேசையிலிருந்து பலகை துடைக்கும் டஸ்ரர் கீழே விழுந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். ஷெல்லுக்குத்தான் பயப்படுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கரும்பலகையின் மேல் மூலையில் எழுத நான் கையை உயர்த்தினேன். சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் பொத்தினாள். அதற்குப் பிறகு சில மாதம் நான் பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினேன். இது ஒரு பெரிய தியாகமில்லை, நான் எப்படியும் உயரமில்லை. ஆனால் பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். இங்கே அடி இல்லை என்பதை அப்போதுதான் நம்பத் தொடங்கினார்கள்.

இனி நேசனுக்கு வருகிறேன்.

நேசன் சுன்னாகத்துப் பக்கத் தோட்டக்காரக் குடும்பத்துப் பையன். தாய் இல்லை. நல்ல உயரம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தரம் இருத்தி வைத்திருந்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே வேலியில் நட்ட கதியால் மாதிரி நின்றவன். பிறகு மேலே ஏற்றி, பரீட்சை நெருங்க, நான் முன்னே சொன்ன காய்ச்சல் அதிபருக்கு வந்ததும் தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது வயது பதினேழு. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வருடம் கணிதத்தையும் சேர்த்துப் பரீட்சை எழுதவில்லை என்றால் பிறகு எழுத மாட்டான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட அந்த வயதுப் பொடியன்களுக்கு அந்த நாட்களில் எந்த வாசல் திறந்து கிடந்தது என்று உங்களில் வயது கூடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஊரில் எத்தனை பொடியன்கள் இயக்கத்துக்குப் போனார்கள் என்று.

ஒரு கிழமை முழுக்க நேசன் வரவில்லை. அடுத்த திங்கள் வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தன் இடத்தில் இருந்தான். "எங்கை போனனீ?" என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பொய் சொல்லவேண்டி வரும், பொய் சொன்ன பிள்ளை அடுத்த நாள் வராது. சமன்பாடு தொடங்கியிருந்தேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனின் கொப்பியைப் பார்க்கும்படி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அப்போது வேலிப் படலை திறந்தது. நேசனின் தகப்பன் சின்னராசா உள்ளே வந்தார். பொறுப்பாசிரியர் அன்றைக்கு யாழ்ப்பாணம் கல்விக் கந்தோருக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

வந்த மனிதர் வேலியருகே நின்று, எங்கள் பூவரசிலேயே ஒரு தடியை முறித்தார். இலைகளை உருவி எறிந்துகொண்டே நடந்து வந்தார். கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து அரையில் கட்டினார். கோவிலுக்குள் போகும் மனிதர் செய்வதுபோல எல்லாம் முறையாகச் செய்தார். பிறகு தடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"ரீச்சர், உவன் போன கிழமை இஞ்சை வரேல்லை எண்டது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை, தெரியும்."

"என்ன செய்தனீங்கள்?"

"இண்டைக்கு வந்திருக்கிறான். படிப்பிக்கிறன்."

"அது சரி. என்ன செய்தனீங்கள் எண்டு கேக்கிறன்."

பலகையில் எழுதிக்கொண்டிருந்த சோக்கை மேசையில் வைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் போடுவேன்.

"வாய்க்கால் மதவடியிலை குந்திக்கொண்டு இருந்ததை என்ரை மச்சான் கண்டிருக்கிறான். ஆரோடை இருந்தான் எண்டும் சொன்னவன். நான் தோட்டத்திலை தண்ணிக்குத் துலா மிதிக்கிறன், உவன் படிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு. அடியுங்கோ ரீச்சர். கண்ணும் மூக்கும் மிச்சமாக் கிடந்தால் எனக்குக் காணும். நான் நிக்கேக்கையே அடியுங்கோ."

கண்ணையும் மூக்கையும் பற்றிய இந்தப் பேச்சை எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் எல்லாத் தகப்பன்மாரும் சொல்வார்கள். சும்மா மரியாதைக்குச் சொல்வது. இவர் மரியாதைக்குச் சொல்லவில்லை.

"அண்ணை, இஞ்சை நாங்கள் அடிக்கிறேல்லை," என்றேன்.

"அப்ப உது என்ன பள்ளிக்கூடம்?"

வகுப்பில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் அடிக்காட்டில் நான் இப்பவே கூட்டிக்கொண்டு போறன். உவன் தோட்டத்திலை நிக்கட்டும். எங்கை நிக்கிறான் எண்டாவது எனக்குத் தெரியும்."

தோட்டத்தில் எவ்வளவு நாள் நிற்பான்? எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நேரம் நேசன் எழும்பினான். வாங்கைத் தாண்டி முன்னே வந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றான். பல வருடம் பழகிய நிலை அது. யாரும் சொல்லாமலே உடம்பு தானாகப் போய் அப்படி நின்றது.

"அடியுங்கோ ரீச்சர்," என்றான். "அப்பா போகட்டும்."

இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். தகப்பன் அடிக்கச் சொல்கிறார், மகனும் அடிக்கச் சொல்கிறான். ஒரு தட்டு. தடி நல்ல பச்சைத் தடி, நோகாமல் அடிக்கவும் எனக்குத் தெரியும். ஒரு தட்டுத் தட்டினால் தகப்பன் போய்விடுவார், பையன் வகுப்பில் இருப்பான், நான் சமன்பாட்டுக்குத் திரும்புவேன். இங்கே இருந்து படிக்கத்தான் அவன் அந்த அடியைக் கேட்கிறான் என்றே விளங்கிக்கொண்டேன். இவ்வளவு ஆசையாகக் கேட்கிற பிள்ளையை இழப்பதா என்று நினைத்தேன். தடியை எடுத்தும்விட்டேன்.

எடுத்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மெற்றில்டா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒவ்வொருவரும் எங்கேயோ அடி வாங்கி இங்கே வந்தவர்கள். அவர்களின் முகத்தில் பயத்தைவிட வேறொன்று தெரிந்தது. 'கடைசியில் நீங்களும் அவ்வளவுதானா' என்று கேட்பதுபோல. நோகிற அடி, நோகாத அடி என்ற வித்தியாசமெல்லாம் அடிப்பவளுக்குத்தான். பார்க்கிற பிள்ளைக்கு அப்படி ஒன்று இல்லை.

அடிக்கவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொன்னால் பையன் போய்விடுவான். இப்படி மாட்டிக்கொள்ளும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு: ஏதாவது கேள்வி கேட்டு நேரத்தை இழுப்பது. பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், வேறு வழி தெரியாமல் செய்வது.

"அண்ணை, உங்கடை பிள்ளை. நீங்கள் வீட்டிலை அடிச்சிருக்கலாமே. ஏன் நான்தான் அடிக்கவேணும் எண்டு நிக்கிறியள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாமலா ரீச்சர் வேலை பார்க்கிறாய் என்ற பார்வை.

"நான் அடிச்சால் அது தகப்பன் அடிச்சது. தகப்பன் எப்பவும் அடிப்பான். ரீச்சர், உவனுக்குப் பெரிய பள்ளிக்கூடத்திலை விழாத அடி இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும் மட்டும் ஒவ்வொரு நாளும் தழும்போடை வருவான். பிறகு கடைசி வருசம் ஒருத்தரும் கை வைக்கேல்லை. ஒரு அடி இல்லை. பின்வாங்கிலை இருத்திப்போட்டுப் பேசாமல் விட்டிட்டினம். கொப்பி பாக்கிறேல்லை, கேள்வி கேக்கிறேல்லை. நான் மடையன், உவன் திருந்தீட்டான் எண்டு சந்தோசப்பட்டனான். சுன்னாகச் சந்தையிலை ஆக்களுக்குச் சொல்லியும் திரிஞ்சனான். பிறகுதான் கூப்பிட்டுச் சொல்லிச்சினம், இனி அனுப்பவேண்டாம் எண்டு."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"இஞ்சையும் ஒருத்தரும் அடிக்கிறேல்லை எண்டு உவன் வந்து சொல்லேக்கை எனக்கு நெஞ்சு திக்கெண்டது. இவையும் கைவிட்டிட்டினம் எண்டு விளங்கீட்டுது. போன கிழமை வரேல்லை. ஒருத்தரும் படலைக்கு வந்து கேக்கேல்லை. இண்டைக்கு வந்தால், எங்கை போனனீ எண்டுகூடக் கேட்டதாத் தெரியேல்லை. அப்ப என்ன அர்த்தம் ரீச்சர்? நீங்களே சொல்லுங்கோ."

அந்த மனிதர் தடி முறித்துக்கொண்டு வந்தது மகனின் தோலை உரிக்க அல்ல. இந்தப் பிள்ளை உங்களுக்கும் பிள்ளைதானா என்று கேட்க வந்திருக்கிறார். அதைக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நானோ மாணவரின் மனதை நோகடிக்கக் கூடாது என்று பெரிதாக யோசித்துக் கேள்வி கேட்காமல் விட்டேன். அது அவர் வீட்டில் போய் எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள்.

நான் தடியை வாசலுக்கு வெளியே எறிந்தேன்.

"அண்ணை, அந்தப் பின்வாங்கிலை இருங்கோ," என்றேன். "நாங்கள் கைவிட்டிட்டமோ இல்லையோ எண்டு இருந்து பாருங்கோ. பாத்திட்டு, கூட்டிக்கொண்டு போறதெண்டால் போங்கோ. நான் மறிக்கமாட்டன்."

அவர் தயங்கினார். பிறகு போய், முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வாங்கின் நுனியில் இருந்தார். நேசன் இன்னும் முதுகைக் காட்டியபடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"திரும்பு," என்றேன். சோக்கைக் கையில் கொடுத்தேன். "போன கிழமை விட்டது முழுக்க இப்ப செய்யப்போறாய்."

அன்றைக்கு நான் படிப்பித்தது போல வாழ்நாளில் படிப்பித்ததில்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அப்படியில்லை. மிகச் சாதாரணமாகப் படிப்பித்தேன். ஆனால் விடவில்லை. சமன்பாட்டில் ஒரு உறுப்பை மறுபக்கம் கொண்டுபோனால் அடையாளத்தை மாற்ற வேண்டும். நேசன் மாற்றமாட்டான். "பார்," என்பேன். அழிப்பான். மறுபடி செய்வான், அதே இடத்தில் அதே பிழை. முன்வாங்கில் ஒருத்தி விடையைச் சொல்ல வாயெடுத்தாள், அவளை ஒரு பார்வையில் இருத்தினேன். இன்னொரு கணக்கு. அதே பிழை. இருக்கலாமா என்பதுபோல என்னைப் பார்த்தான். இருக்கவிடவில்லை.

"எனக்கு உது ஏலாது ரீச்சர்."

"ஏலாதெண்டு நான் சொன்னனானே?"

"நான் சொல்லுறன்."

"நீ சொன்னால் காணாது. அழி. திருப்பிச் செய்."

சோக்கைச் சுவரில் எறிந்தான். தகப்பன் பாதி எழும்பினார். நான் கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு, நேசனிடம் இன்னொரு சோக்கை நீட்டினேன். அவன் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, அடிப்பதென்றால் அவன்தான் என்னை அடிப்பான் போலிருந்தது. வகுப்பு முடியும் நேரம் கடந்துவிட்டது. ஒருவரும் எழும்பவில்லை. தோட்டத் தறையில் வேலை இருந்த பிள்ளைகள்கூட இருந்தார்கள். ஒருவேளை சண்டை பார்க்கிற ஆசையாகவும் இருக்கலாம்.

கடைசியில் ஒன்று சரி வந்தது. அவன் அடையாளத்தை மாற்றினான், விடை வந்தது, அவனுக்கே நம்பிக்கை இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். யாரும் கைதட்டவில்லை. நானும் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. அடுத்த கணக்கை எழுதினேன். அதில் மறுபடி பிழைவிட்டான்.

வெளியே வெயில் தாழ்ந்து கொட்டிலுக்குள் மங்கத் தொடங்கியது. சின்னராசா எழும்பினார். சால்வையை அரையிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், மாடு அவிட்டுக் கட்டவேணும். நேரமாச்சுது."

"ஓம் அண்ணை."

மகனைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கரும்பலகையை ஒருதரம் பார்த்தார். அதில் இருந்தது அவருக்கு விளங்கியிருக்காது. எத்தனை தரம் அழித்து எழுதியது என்பது மட்டும் தெரிந்திருக்கும், பலகை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.

"முடிச்சிட்டு வா," என்றார் நேசனிடம். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பொறுப்பாசிரியர் வந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவருடைய கட்டளையைக் காப்பாற்றியிருக்கிறேன் அல்லவா. அவர் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எண்டால் ஒரு தட்டுத் தட்டியிருப்பன்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் எழுத்தில் அடக்க முடியாது. "நீங்கள்தானே சேர் ஒருத்தருக்கும் கை வைக்கக் கூடாது எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான்தான். ஆனால் தகப்பனும் மகனும் ரண்டு பேரும் கேக்கினம். அந்த மனிசன் நிம்மதியா வீட்டை போயிருப்பார். பொடியனையும் அவ்வளவு நேரம் எல்லாருக்கும் முன்னாலை நிப்பாட்டினது அடியைவிடக் கொடுமை பிள்ளை."

"மற்றப் பிள்ளையள் பாத்துக்கொண்டிருந்தவை."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான். என்னைப் பாராட்டவுமில்லை, பிழை என்று சாதிக்கவுமில்லை. அவரோடு ஒரு கிழமை நான் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தை என்னைக் குடைந்தது. நான் செய்தது உண்மையில் கொடுமையா? அவன் என்னை வெறுத்துவிட்டானா?

நேசன் வந்துகொண்டுதான் இருந்தான். உம்மென்று வருவான், உம்மென்று போவான். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் இரண்டு விஷயம் மாறியது. ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் எங்களில் ஒருவர் படலைக்குப் போய் நின்றோம். 'ஏன் வரவில்லை' என்று கேட்க அல்ல, 'நாளைக்கு எதிர்பார்க்கிறோம்' என்று சொல்ல. மற்றது, பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய் தகப்பனை ஒரு பாடம் முழுக்கப் பின்வாங்கில் இருத்தினோம். நாங்கள் அடிப்பதில்லை என்று வாயால் சொன்னால் அவர்கள் காதில் வேறு விதமாக விழும். இருந்து பார்த்தால் விழாது. அடிக்காமல் படிப்பிப்பதற்கும் அக்கறையில்லாமல் விடுவதற்கும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. களைத்துப்போன ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஆசிரியருக்கே தெரியாமல் போகும். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நேசன் பரீட்சை எழுதினான். பெறுபேறு வர வழக்கத்தைவிடக் கனகாலம் பிடித்தது, அந்த நாளில் எல்லாமே பிந்தித்தான் வரும். கணிதத்தில் சாதாரண சித்தி, தேறிவிட்டான். மற்றவற்றிலும் போதுமான அளவு. ஒருநாள் வகுப்புத் தொடங்க முன்னமே கொட்டிலுக்கு வந்தான். நான் தனியாக வாங்குகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். தானும் ஒரு துணியை எடுத்துத் தட்டத் தொடங்கினான். ஒரு வரிசை முடிந்ததும் கேட்டான்.

"அண்டைக்கு அப்பா வந்த நாள் ஞாபகம் இருக்கோ ரீச்சர்?"

"மறக்கிற நாளே?"

"நீங்கள் அடிச்சிருந்தால் நான் அடுத்த நாள் விடியப் போயிருப்பன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. துணியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"மதவடியிலை கண்டவையோடை எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன். சும்மா ஒருக்கால் வகுப்பிலை இருந்திட்டுப் போவம் எண்டுதான் அண்டைக்கு வந்தனான். அப்பா வருவார் எண்டு தெரியாது. வந்து அடிக்கச் சொல்லேக்கை நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன். அவருக்கு முன்னாலை ஒரு அடி வாங்கினால் அவருக்கும் ஆறுதல். எனக்கும் பிறகு ஒருத்தருக்கும் குடுக்கவேண்டிய கடன் ஒண்டும் மிச்சமில்லை. போகலாம்."

நான் இவ்வளவு நாளும் வேறு மாதிரியல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருக்கிற ஆசையில் முதுகைக் காட்டினான் என்று. அந்த ஆசைக்காகவே தடியைக் கையில் எடுத்தேன் என்று. அவன் விடைபெறத்தான் நின்றிருக்கிறான்.

"பிறகேன் போகேல்லை?"

"உங்களிலை சரியான கோவம்," என்றான். இப்போதும் கொஞ்சம் கோபம் இருந்தது போலத்தான் சொன்னான். "எல்லாருக்கும் முன்னாலை அவ்வளவு நேரம் நிப்பாட்டி வைச்சனீங்கள். இரவு முழுக்க நித்திரை இல்லை. உங்களோடை ஒரு சண்டை பிடிச்சிட்டுத்தான் போறது எண்டு அடுத்த நாள் பின்னேரம் வந்தனான்."

"நீ சண்டை பிடிக்கேல்லையே."

"நீங்கள் எங்கை விட்டனீங்கள்? வந்தவுடனை பலகைக்கு வா எண்டியள்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வாங்கில் இருந்துவிட்டேன். அவனைக் கைவிடாமல் பிடித்துவைத்தது என் அன்புமல்ல, என் கெட்டித்தனமுமல்ல. அன்றைக்கு அடிக்காமல் விட்டதுகூட அவனுக்காக இல்லை, மெற்றில்டாவுக்காக. அவனுடைய மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் துளியும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்ததாக நினைத்தது முழுக்கப் பிழை. எங்கள் பொறுப்பாசிரியரைப் போல இளகிய மனம் எனக்கு இருந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அவன் கேட்ட ஒரு தட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

"ரீச்சர், அழுறியளோ?" என்று கேட்டான் நேசன்.

"ஓம்," என்றேன். "நீ அந்தக் கரைப் பக்கத்து வாங்கையும் துடை."